இடது காலுக்கு ஏழு துண்டு

"காலையில கட்டிலை விட்டு இறங்கினதும் குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி குத்துது. பத்து அடி நடந்தா குறையுது. சாயங்காலம் மறுபடியும் வந்துடுது."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா என்ன பண்ணீங்க?"

"பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்."

பிசியோதெரபி அம்மாள் சிரித்துவிட்டாள். "பல்லு பத்திரமா? வாங்க, காலைப் பார்ப்போம்."

வந்தவளுக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. சலவைக்கூடத்தில் சின்னக்கா என்றால்தான் தெரியும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட சின்னக்கா என்றே கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற பெரிய கூடம் அது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை நீராவி பிரஸ்ஸில் தேய்ப்பது அவள் வேலை. வலது காலால் பெடலை அமுக்கினால் மேல் பலகை புஸ்ஸென்று இறங்கும், விட்டால் ஏறும். காலர் ஒரு தடவை, கை ரெண்டு தடவை, முதுகு ஒரு தடவை. பதினோரு வருஷமாக அந்த மிஷின் அவளுடையது. அவள் லீவு போட்டால் மிஷினுக்கும் லீவு என்று கேலி பேசுவார்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"நொண்டறது கண்ணுக்குத் தெரியுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். முடியலைன்னா பொத்தான் அறைக்குப் போயிடு. உட்கார்ந்து செய்யற வேலை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்குன்னா என்னை இங்கேயே விடுங்க, சார்."

"நின்னு காட்டு, விடறேன்."

பொத்தான் அறை கொல்லைப்பக்கம் இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு டப்பா பொத்தான். பேச ஆள் கிடையாது. சின்னக்காவுக்கு அது வேலை மாற்றமாகத் தெரியவில்லை. ஆளையே எடுத்து அலமாரிக்குள் வைப்பது போலத் தெரிந்தது.

"ரத்தம் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் பிசியோ அம்மாள்.

"எல்லாம் பார்த்தாச்சு. சர்க்கரை இல்ல, யூரிக் ஆசிட் இல்ல. அதைப் பார்த்த டாக்டர்தான் உங்ககிட்ட அனுப்பினாரு. ரத்தம் பார்க்கறதுக்கு முன்னாடியே கூடத்துல ஆளாளுக்கு வியாதி சொல்லியாச்சு."

சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நடந்தது அது. கஞ்சி போடும் தொட்டியைப் பார்த்துக்கொள்பவனுக்குக் கஞ்சி என்றே பெயர். அவன்தான் ஆரம்பித்தான்.

"உப்பு சேர்ந்திருக்கும், அக்கா. எங்க மாமாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாக்கூட அலறுவாரு."

"உங்க மாமாவுக்குக் கட்டைவிரல். இவளுக்குக் குதிகால்" என்றாள் மடிப்பு மேஜையில் இருந்தவள். வாய் ஓயாமல் பேசுவதால் அவள் ரேடியோ. "ஊசி போடற இடத்தையாவது பார்த்துப் போடு, டாக்டரு."

"அப்போ எலும்பு வளர்ந்திருக்கும்."

"வளர்ற வயசா இவளுக்கு?"

"போன வருஷம் படியில கணுக்கால் சுளுக்கிக்கிட்டாங்களே, அதோட மிச்சமா இருக்கும்."

"அது வலது கால், கஞ்சி."

"எடையைக் கொஞ்சம் குறைச்சா..."

"யாரைப் பார்த்துச் சொல்ற?" என்று ரேடியோ எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றால் வெளிச்சமே மறையும். கஞ்சி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் ரேடியோ கழிவுக் கூடையிலிருந்து ஓட்டை விழுந்த துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, மிஷினுக்கு முன்னால் சின்னக்காவின் இடது காலுக்கு அடியில் வைத்தாள். அந்தக் கூடத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து துணிதான். பல்வலிக்கு வெந்நீரில் நனைத்த துண்டு, முதுகுவலிக்கு நாற்காலியில் சுருட்டிய துண்டு, மனசு சரியில்லாதவளுக்கு மூஞ்சி மறைக்க ஒரு துண்டு. துணியோடு பிழைக்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? மறுவாரம் கஞ்சி ஒரு துண்டு கொண்டுவந்தான். "மெத்துன்னு இருக்கட்டும், அக்கா." பிறகு உலர்த்தும் மிஷின்காரி ஒன்று. வலி கூடக்கூடத் துண்டும் கூடியது. நாலு மாசத்தில் ஏழு.

"எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க" என்றாள் பிசியோ அம்மாள்.

சின்னக்கா எழுந்து நின்றாள். ஏதோ குறைந்தது.

"துண்டு இருக்கா, அம்மா?"

"முகம் துடைக்கவா?"

"நிக்கறதுக்கு. ஏழு வேணும்."

"ஏழா!" அலமாரியில் நாலு துண்டும் மூன்று தலையணை உறையும் கிடைத்தன. சின்னக்கா கண்மூடித் திறப்பதற்குள் ஏழையும் ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கினாள். "இந்த அலமாரியை ஒரு நாள் வந்து அடுக்கிக் குடுங்க" என்றாள் பிசியோ அம்மாள். பெடலுக்குப் பதில் ஒரு செருப்புப் பெட்டி வைத்தார்கள். சின்னக்கா வலது காலை அதன் மேல் வைத்து, இடது காலை அடுக்கில் ஊன்றி, இல்லாத காலரை நீவி, இல்லாத பலகையை இறக்கினாள்.

"அப்படியே நில்லுங்க. உங்க குதிகால் எங்க இருக்கு?"

"கால்லதான்."

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தால் நிலை மாறிவிட்டது. பிசியோ அம்மாள் பக்கவாட்டில் உட்கார்ந்து போனில் ஒரு படம் எடுத்து நீட்டினாள். மிஷினை ஒட்டி நிற்கிற பழக்கத்தில் சின்னக்கா அடுக்கை முன்னால் தள்ளியிருந்தாள். முன்பாதம் துண்டின் மேல் இருந்தது. குதிகால் பின்னால் அந்தரத்தில் தொங்கியது.

"குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை நார் ஓடுது. அதுதான் புண்ணாகியிருக்கு. நீங்க பெடலை அமுக்கற ஒவ்வொரு தடவையும் உடம்பு பாரம் முழுக்க இந்த ஒரு கால்ல. அதுவும் குதிகால் தொங்கி, நார் இழுபட்டு நிக்கும்போது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குவீங்க?"

"இருநூறு கோட்டு. கோட்டுக்கு நாலு."

பிசியோ அம்மாள் கணக்குப் போடவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

"துண்டாலயா வந்தது?"

"வந்தது துண்டால இல்ல. தேஞ்ச செருப்பு, சிமென்ட் தரை, நாள் முழுக்க ஒத்தைக்கால். அதுல வந்தது. துண்டு அதை ஆற விடல."

"அப்போ அவங்கதான்..." சின்னக்கா நிறுத்திக்கொண்டாள்.

"எவங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லவங்க."

பிசியோ அம்மாள் சீட்டில் எழுதிக்கொடுத்தாள். இரண்டு காலும் மட்டமாக நிற்க வேண்டும், காலை மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும், அடி தடித்த செருப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைச்சதையை நீட்டுவது, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது. "ஆறு வாரம் குடுங்க. அவசரப்பட்டா இன்னும் ஆறு மாசம் ஆகும்."

புதன்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்ததும் சின்னக்கா துண்டு அடுக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். ரேடியோவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏண்டி, என் துண்டு கசக்குதா?"

"சூடா இருக்கு."

"துண்டு சூடா இருக்கா? கொதிக்கிற மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு துண்டு சூடுங்கற. பிசியோ என்ன சொன்னாங்க? மறைக்காத. உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவக்குது."

சின்னக்கா சொன்னாள். எவ்வளவு மெத்தென்று சொல்ல முடியுமோ அவ்வளவு மெத்தென்று சொன்னாள். ரேடியோ குனிந்தாள். அடுக்கை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாகக் கூடத்தில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"கரண்ட் போச்சா?" என்று கஞ்சி எட்டிப்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து கை கழுவும் இடத்தில் சின்னக்கா அவளைப் பிடித்தாள்.

"இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்காத. கால்வலியைவிட இது மோசமா இருக்கு."

"நாலு மாசம் உன்னை நான்தான் வலிக்க வெச்சிருக்கேன்."

"நாலு மாசம் நான் நின்னது எப்படின்னு நினைக்கிற? கால் பலத்துலயா? காலையில வந்தா நீ குனிஞ்சு அந்தத் துண்டைச் சரி பண்ணுவ. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு குனியறது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்துத்தான்டி நின்னேன். வேற யாராவது இருந்தா நொண்டி வந்துட்டான்னு சிரிச்சிருப்பாங்க."

"நானும் சிரிச்சேன்."

"சிரிச்சே. குனிஞ்சும் வெச்சே."

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "பிசியோ எழுதின சீட்டைக் காட்டு" என்றாள். இரண்டு தடவை படித்தாள். "காலை மாத்தி மாத்தி ஊன்றணும்னு போட்டிருக்கு. பெடல் வலது பக்கம்தானே இருக்கு?"

"அதான்."

"கஞ்சி! இங்க வா!"

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பிசியோ சீட்டோடு சூப்பர்வைசர் முன்னால் நின்றார்கள். உடைந்த துணிவண்டியின் இரும்புக் குழாயைக் கஞ்சி கையில் வைத்திருந்தான். பெடலின் மேல் அதைக் குறுக்கே பொருத்திவிட்டால் இடது காலாலும் அமுக்கலாம் என்பது அவன் திட்டம்.

"மிஷின்ல கை வைக்கக் கூடாது" என்றார் சூப்பர்வைசர்.

"கை வைக்கல, சார். கால் வைக்கத்தான் கேக்கறோம்" என்றாள் ரேடியோ.

"ஆறு வாரம் மெதுவா நின்னா கோட்டை யாரு முடிக்கிறது? ஆஸ்பத்திரிக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க."

"அரைமணிக்கு ஒரு தடவை நான் மிஷினுக்கு வரேன், சார். அவ உட்கார்ந்து என் மேஜையில மடிக்கட்டும். கணக்கு குறைஞ்சா எங்க ரெண்டு பேரையும் பொத்தான் அறையில போடுங்க."

"உங்க ரெண்டு பேரையுமா? அந்த அறை தாங்காது." சொன்ன பிறகுதான் தான் சிரித்ததே அவருக்குத் தெரிந்தது. "மெக்கானிக் வந்து பார்த்துச் சரின்னு சொன்னா வைங்க. ஆறு வாரம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

மெக்கானிக் பார்த்து, குழாயை இன்னும் இறுக்கி, சரி என்றான். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சின்னக்கா மிஷினிலேயே இருந்தாள்.

முதல் வாரம் ரேடியோ தேய்த்த கோட்டுகளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது காலரா? எருமை மென்னு துப்பின மாதிரி இருக்கு."

"டாக்டர் கழுத்துல மாட்டினா தெரியாது. நீ முதல்ல ஒழுங்கா மடி. தலையணை உறையை இப்படியா மடிப்பாங்க?"

வீட்டில் சின்னக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் பாட்டிலைக் காலடியில் உருட்டினாள். கணவர் தினமும் பாட்டிலை நிரப்பி உறையவைத்துத் தந்தார். "எனக்குக் குடிக்க ஒரு பாட்டிலாவது மிச்சம் வை" என்பார். நாலாவது வாரம், காலையில் அடுப்படிவரை நடந்த பிறகுதான் குத்தலே நினைவுக்கு வந்தது. ஆறாவது வாரம் நாலைந்து நாள் குத்தவே இல்லை. முழுசாகப் போய்விடவில்லை. மாதக் கடைசியில் வேலை அதிகமானால் எட்டிப் பார்த்தது.

ஆறு வாரம் முடிந்த அன்று சூப்பர்வைசர் மிஷின் பக்கம் வந்து, சின்னக்கா காலை மாற்றி மாற்றி அமுக்குவதைக் கைகட்டி நின்று பார்த்தார்.

"பொத்தான் அறைக்கு வேற ஆள் பார்க்கவா?"

"பாருங்க, சார். நல்லா பேசற ஆளா பாருங்க, பாவம் அந்த அறை."

அவர் போனதும் ரேடியோ தன் மேஜைத் துணிகளை ஒதுக்கிக்கொண்டாள். "சரி, உன் கால் தேறிடுச்சு. இனிமே உன் மிஷின் உனக்கு. என் மடிப்பு எனக்கு."

"யாரு சொன்னா?"

"ஆறு வாரம் முடிஞ்சுதே."

"மணியைப் பாரு. அரைமணி ஆச்சு. வா இங்க, உன் முறை." சின்னக்கா விலகி வழிவிட்டாள். "எனக்கு ஒரு குதிகால் போதும்டி பாடம் படிக்க. நாள் முழுக்க உட்கார்ந்து மடிச்சு உன் முதுகும் போக வேண்டாம்."

ரேடியோ கையிலிருந்த துணியை மேஜையில் போட்டாள். பிறகு இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்போ உட்காரு. உட்கார்ந்து என் பேச்சைக் கேளு. நின்னா உனக்கு மிஷின் சத்தம்தான் கேக்கும்."

சின்னக்கா உட்கார்ந்தாள். நன்றி என்று சொல்லியிருந்தால் ரேடியோ திட்டியிருப்பாள். அதனால் தலையணை உறை ஒன்றை எடுத்து, ரேடியோ சொல்லிக்கொடுத்த மாதிரியே மடித்துக்கொண்டு, "சொல்லு" என்றாள்.