பாதி ஊசி

குதிரையின் வாயைத் திறந்ததும் உமாமகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடு, ஆடு, நாய் என்று எல்லா நாற்றத்திலும் கை வைத்துப் பழகிய கால்நடை மருத்துவர்தான் அவள். ஆனால் இது கழுவாமல் விட்ட மூத்திரக் கூடத்தின் நெடி, ஒரு வாயிலிருந்து வந்தது. நாக்கின் ஓரமெல்லாம் புண். பல்லில் சாம்பல் நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தது.

"என்ன ஊசி போட்டீங்க அத்தான்?"

"சத்து ஊசிதாம்மா" என்றார் நீலமேகம்.

நீலமேகம் அவளுடைய அக்கா பங்கஜவல்லியின் கணவர். வரிச்சிக்குடியில் நெல் விவசாயம். குதிரை வண்டிப் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். செம்பருத்தி என்று பேர் வைத்த அந்தச் சிவப்புப் பெண் குதிரையை வாங்கிய நாளிலிருந்து அவருடைய வாட்ஸ்அப் படம் அதுதான். பாதாம் ஊறவைத்துக் கொடுப்பார். வருகிறவர்கள் பார்க்கும்படி அதன் நெற்றியில் முத்தம் கொடுப்பார். குதிரை தீனி எடுக்கவில்லை என்று அக்கா போன் செய்ததால், காரைக்காலில் இருந்த தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு உமா வந்திருந்தாள்.

கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. அதன் பின்னால் காலி மருந்துக் குப்பிகள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. மற்றதெல்லாம் வலி ஊசி.

"குளம்புல சீழ் வச்சிருந்துச்சு" என்றார் நீலமேகம், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "யூடியூப்ல பார்த்து நானே போட்டேன். கை பழகிடுச்சு."

"தண்ணி ஏன் வைக்கல?"

 அக்காதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வயிறு ஒட்டி இருந்தாத்தான் வேகமா ஓடுமாம்."

உமா ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மதியம் சலைன் பாட்டில்களோடு திரும்பி வந்தாள். ரத்தத்தில் கழிவு இருக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு இருந்தது. நீலமேகத்தை எதிரில் உட்காரவைத்து, ஊசி போடும் கைக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னாள்.

"அத்தான், ஜென்டாமைசின் உடம்பை விட்டுப் போறதுக்கு ஒரே வழி மூத்திரம்தான். சிறுநீரகம் நல்லா இருந்தா இன்னைக்குப் போட்டது நாளைக்குள்ள போயிடும். இதுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. நேத்து போட்டதே இன்னும் ரத்தத்துல நிக்குது, அதுக்கு மேல நீங்க இன்னைக்கும் போட்டிருக்கீங்க. உள்ள நிக்குற மருந்து சிறுநீரகத்தை இன்னும் அரிக்கும். அது கெடக் கெட மருந்து இன்னும் தங்கும்."

"வலி ஊசியும் அப்படித்தானா?"

"அது சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தையே குறைச்சுடும். தண்ணி இல்லாத உடம்புல அது விஷம். இந்த நிலைமையில அதுவும் சீக்கிரம் போகாது."

நீலமேகம் தாடையைத் தடவினார். "மருந்து உள்ள தங்குனா நல்லதுதானேம்மா? கூடக் கொஞ்ச நேரம் வேலை செய்யும்ல?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து உமா அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. 

இனி ஒரு ஊசியும் கூடாது, தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், நான் சொல்லும்வரை வண்டியில் பூட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். தினமும் வந்து சலைன் ஏற்றினாள். சில நாளில் குதிரை தாராளமாக மூத்திரம் பெய்தது. பங்கஜவல்லி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து செம்பருத்தி ஒரு கட்டுப் புல்லைத் தின்றது.

காணும் பொங்கலன்று உமா கோட்டுச்சேரிமேட்டில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது போனில் வீடியோ வந்தது. அத்தானே அனுப்பியிருந்தார். செம்பருத்தி வாயில் நுரை தள்ள ஓடுகிறது. இரண்டாம் பரிசு. பிறகு நீலமேகம் சால்வையோடு மைக்கைப் பிடிக்கிறார். "எங்க கொழுந்தியா டாக்டர் உமாமகேஸ்வரிதான் கணக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. பாதி ஊசியே போதும்னு."

கூட்டம் கை தட்டியது. உமா மறுபடியும் சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"நீதானம்மா சொன்ன, சீக்கிரம் போகாதுன்னு" என்றார் நீலமேகம், ஏதோ அவளுக்கு மரியாதை செய்துவிட்டவரைப்போல. "அதான் முழுசாப் போடல. பாதிதான். அதுக்குக் கால் வலியே தெரியல, பார்த்தியா?"

"தண்ணி வச்சீங்களா?"

"ரேஸ் முடியட்டும்னு இருந்தேன்."

மறுநாள் செம்பருத்தி படுத்துவிட்டது. உமா போனபோது வயிற்றுக்கடியில் வீங்கியிருந்தது. மூத்திரத்துக்குக் குழாய் விட்டுப் பார்த்தாள், பழுப்பாகச் சில சொட்டுதான் வந்தது. ஏற்றிய சலைன் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கியது. சாயங்காலம்வரை பார்த்தாள். குதிரை கழுத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்துக்கொண்டது. இனி பிழைக்காது, வலியில்லாமல் முடித்துவிடட்டுமா என்று அக்காவிடம் மட்டும் கேட்டாள். அக்கா தலையசைத்தாள். உமா கடைசி ஊசியைப் போட்டாள்.

நீலமேகம் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். உண்மையான கண்ணீர்தான். அழுதுகொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"உமா, இதைக் கொஞ்சம் இப்படிப் புடிம்மா. குதிரை முகமும் தெரியணும்."

உமா போனை வாங்கினாள். தொட்டியில் அன்றைக்குத் தண்ணீர் நிறைய இருந்தது. போனை அதற்குள் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து அந்த வழியாக ஸ்கூட்டியில் போனபோது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. ஒளிவட்டத்தோடு செம்பருத்தி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பிய நீலமேகம். கீழே துயரில் வாடும் குடும்பத்தார் வரிசையில் அவள் பேர் முதலாவதாக இருந்தது, டாக்டர் பட்டத்தோடு.

வண்டியை நிறுத்தி, எதிரே இளநீர் விற்றவரிடம் கத்தியைக் கேட்டு வாங்கினாள்.

"உங்க பேருதானேம்மா அது?" என்றார் அவர், அவள் ஃப்ளெக்ஸில் தன் பேரை அறுப்பதைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாங்க."

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மிருகவதைப் புகார் எழுதிக் கொடுத்தாள். வீட்டு விவகாரத்தை இங்கே ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று ஏட்டு தயங்கினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் புகாரை வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "புகார் எழுதிக் கொடுத்துட்டியாமே?"

"கொடுத்துட்டேன்க்கா."

"திண்டுக்கல் பக்கம் இன்னொரு குதிரை பார்த்திருக்காரு. கறிக்கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டே அதோட பல்லப் பத்திப் பேசுறாரு. எனக்குப் பக்கத்துல உக்காரப் புடிக்கல." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "போலீசுல சாட்சி கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"என் பேரைக் கொடு" என்றாள் பங்கஜவல்லி. "நான் வந்து சொல்றேன்."