வெள்ளைக் காருக்கு அம்மை போட்ட வருஷம்

கருங்குழியில் செங்கல்வராயன் வீட்டு வெள்ளைக் காருக்குப் போன வருஷம் பங்குனி மாதத்தில் அம்மை போட்டது. முதலில் பானெட்டில் நாலைந்து முத்து, பிறகு டிரைவர் பக்கத்துக் கதவு முழுக்க, அடுத்த வெள்ளிக்குள் கூரை வரைக்கும் ஏறிவிட்டது. கடுகளவு இருக்கும், செம்பழுப்பு நிறம், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். தடவினால் சொரசொரவென்று இருந்தது, துடைத்தால் போகவில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது, மதுராந்தகம் பக்கம் அறுப்பு முடிந்து வைக்கோல் லாரிகள் ஜிஎஸ்டி ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. அம்மன் கோயில் காரியங்களைப் பார்க்கிற ராமானுஜம் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், ஆத்தாதான் வந்திருக்கிறாள் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. செங்கல்வராயனின் மனைவி அம்சா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சாப்பிட்ட சோறு மேலே வரும். அம்மை போட்ட உடம்புக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் காருக்குச் செய்தார்கள். வைப்பரில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். அது வெயிலில் வதங்கி, பனியில் நனைந்து, அழுகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், கூழ் படைத்தார்கள், கோயிலில் மிஞ்சிய பாலைக் கூரை மேல் ஊற்றினார்கள். பால் கதவிடுக்குகளில் இறங்கித் திரிந்து நாறியது. ஈ மொய்த்தது. ஈயை ஓட்டக் கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது என்றார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது, காரை ஸ்டார்ட் செய்வதும் நின்றது. திருக்கழுக்குன்றம் மலையேறிவிட்டுத் திரும்பிய சனம் வேனை நிறுத்தி இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டே கும்பிட்டுப் போனது. முத்து இறங்குவதற்காக மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் முத்து இன்னும் கொஞ்சம் பெருத்தது. துருவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது இறங்குமா, ஏறுமா என்று யோசிக்க அந்தத் தெருவில் ஒரு நாதி இல்லை.

ஆத்தா இறங்காமல் போகவே, ஏன் இறங்கவில்லை என்ற பேச்சு வந்தது. செங்கல்வராயனிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. எதிர்ச்சாரியில் ஷாரோன் என்ற பெண் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தாள். ஐடிஐயில் படித்தவள். அவளுடைய தாத்தா, செங்கல்வராயனின் அப்பா வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். அவருடைய பேத்தி தன் வாசலுக்கு எதிரே ஷட்டரைத் தூக்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலுக்கு மேல் கால் போட்டு டீ குடிப்பது செங்கல்வராயனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தினமும் காலையில் பல் விளக்கிய கையோடு காரின் டிரைவர் பக்கத்தில் வந்து நிற்பார், கூரையில் கையை ஊன்றுவார், எதிரே பார்த்துப் பேச ஆரம்பிப்பார். ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். தீட்டு. ஓவியம் தீட்டு என்கிறோம், கத்தி தீட்டு என்கிறோம், நம் ஆள் இதையும் அதே சொல்லால் சொல்லி வைத்திருக்கிறான். எல்லாத் தீட்டுக்கும் தன் வாயே சாணைக்கல் என்பதுபோல அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஷாரோன் கிரைண்டரைப் போட்டால் அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் அவள் காலையிலேயே கிரைண்டரைப் போட்டுவிடுவாள்.

கேளம்பாக்கத்தில் கார்களைக் கழுவி மெருகேற்றும் கடை வைத்திருந்த பிரபா, அம்சாவின் தம்பி மகன். அத்தை போன் செய்ததும் சாமான்களோடு வந்தான். காரைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தான், வாயைக் கொப்பளித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். முதலில் வேப்பிலையையும் கூழையும் பாலாடையையும் கழுவித் தள்ளினான். காரை நிழலுக்கு நகர்த்தி, மேல்தகடு ஆறட்டும் என்று காத்திருந்தான். பிறகு ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர்போல எதையோ பீய்ச்சினான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முத்தும் ஊதா நிறத்தில் அழத் தொடங்கியது. ஊதா கோடு கோடாக வழிந்து கதவில் இறங்கித் தரையில் தேங்கியது. அதோடு அழுகின முட்டை நாற்றம் தெரு முழுக்கக் கிளம்பியது. ஆத்தா ரத்தம் விட்டு இறங்குகிறாள் என்று ராமானுஜம் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் வெகு நாளைக்கு அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. இது ஆத்தா இல்லை, இரும்புத் தூள் என்று பிரபா பொறுமையாக விளக்கினான். இரும்புப் பொறி சூடாக வந்து பெயின்டில் குத்திக்கொள்ளும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், கறுப்புக் காரிலும் இருக்கும், வெள்ளையில்தான் கண்ணுக்குத் தெரியும், இந்த மருந்து பட்டால் ஊதாவாகக் கரையும், காயவிடாமல் கழுவிவிட வேண்டும். கரையாமல் நின்றதைக் களிமண் மாதிரி ஒரு கட்டியால் வழித்து எடுத்தான். மேலே மெழுகு பூசினான். இனிமேல் ரயில் தண்டவாளம், வெல்டிங் பட்டறை பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது உண்மைதான். உண்மை போய்ச் சேர்ந்த காது அப்படிப்பட்டது.

செங்கல்வராயன் அன்று சாயங்காலமே பெரியவர்களைக் கூட்டினார். இதுநாள் வரை வாசலில் மட்டும் சொன்னதைக் கூட்டத்தில் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"தீட்டுன்னு சொன்னா கேஸு. இரும்புத் தூளுன்னு சொன்னா சயின்ஸு. இன்னா, சரிதான?" என்றார். பெரியவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் எனக்கு அவர் சொன்னதைவிட அருவருப்பு.

பட்டறையை மூடச் சொல்லிவிட்டார்கள். முத்து அடியோடு இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஷாரோன் மாமல்லபுரத்துக் கடற்கரை பங்களா ஒன்றுக்குப் பெரிய கேட் செய்துகொண்டிருந்தாள். உப்புக் காற்றில் பழைய கேட் இற்று விழுந்துவிட்டது, வைகாசியில் கிரகப்பிரவேசம். அந்தக் கேட்டைக் கொடுக்காவிட்டால் அந்தக் கரையில் இனி ஒருத்தனும் அவளைக் கூப்பிட மாட்டான், கரை வேலை இல்லாவிட்டால் பட்டறை இல்லை. கடற்காற்று கிழக்கேயிருந்து வருகிறது, தன் பட்டறை மேற்கே இருக்கிறது, பொறி எப்படிக் காற்றை எதிர்த்துக்கொண்டு போகும் என்று கேட்டாள். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். கட்டிடத்துச் சொந்தக்காரரும் அவர்கள் ஆள்தான், சாவியை வாங்கிக்கொண்டார். பாதிக் கேட் உள்ளே கிடந்தது. ஷாரோன் தினமும் வந்து மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

கிரைண்டர் ஓயவே செங்கல்வராயனின் குரல் நன்றாகக் கேட்கத் தொடங்கியது. எதிரே அவள் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு உற்சாகமும் கூடியது. பட்டறை மூடி, ஊரில் ஒரு பொறிகூடப் பறக்காத அந்தச் சித்திரையில், மெழுகையும் துளைத்துக்கொண்டு காருக்கு மறுபடியும் அம்மை போட்டது. இந்த முறை அடை அடையாக. பிரபா வந்து பார்த்துக் குழம்பினான். கையில் மெல்லிய கேரி பேகை மாட்டிக்கொண்டு காரைத் தடவிப் பார்த்தான், அப்படித் தடவினால் கண்ணுக்குத் தெரியாத பிசிறும் விரலுக்குத் தெரியும். சக்கரத்துப் பக்கம் வழவழவென்று இருந்தது. பிரேக் தூள் என்றால் அங்கேதான் இருக்க வேண்டும். டிரைவர் கதவுக்கு மேலே, ஒரு ஆள் நின்று பேசினால் வாய் வருகிற உயரத்தில், உப்புத்தாள்போல இருந்தது.

அம்சா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையணை உறையில் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்துத் துருக்கறை எடுத்துக்கொண்டிருந்தவள். கட்டில் ஆணி என்று மாமியார் சொன்னாள், கட்டிலை மாற்றினார்கள். பீரோ என்றார்கள், பீரோவை மாற்றினார்கள். கறை அவர் தலை வைக்கிற பக்கத்தில் மட்டும் விழுவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துப் பார்த்து அன்றைக்கு அவளுக்குத் தாளவில்லை. உள்ளே போய்ப் புது வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு முனையைப் பிரபாவிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துப் புருஷன் முகத்துக்கு நேரே விரித்தாள். ராமானுஜமும் மற்றப் பெரியவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

"இப்ப சொல்லுய்யா. அந்தப் பொண்ணப் பத்தி தெனம் சொல்லுவியே, அதச் சொல்லு," என்றாள்.

செங்கல்வராயன் கோபத்தில் சொன்னார். ஒரு முறை சொல்லி நிறுத்துகிற ஆள் இல்லை, ஐந்தாறு முறை சொன்னார். எச்சில் தெறிப்பதுபோலத்தான் இருந்தது. வேட்டியில் கருநீலப் பொடி வந்து ஒட்டியது. பிரபா மருந்தைப் பீய்ச்சினான். வேட்டி ஊதாவாக அழுதது, முட்டை நாற்றம் எழுந்தது.

"பட்டறையில இல்ல மாமா," என்றான் பிரபா. "உன் வாயாண்டதான் கீது."

பெரியவர்கள் அதிர்ச்சி அடைந்ததாகச் சொன்னால் அது பொய். அவர்கள் அவர் வாயைப் பார்க்கவே இல்லை, ஆளுக்கொரு பக்கம் தங்கள் தங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ராமானுஜத்திடம் சந்தன நிறத்தில் ஒரு கார் இருந்தது. பொழுது சாய்வதற்குள் தெருவில் ஆளாளுக்குக் கையில் கேரி பேகை மாட்டிக்கொண்டு சொந்தக் காரைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் காரும் சொரசொரத்தது. மருமகளைப் பேசிய வாய், வேலைக்காரியைப் பேசிய வாய், வாசலில் தண்ணீர் கேட்டவனுக்குத் தனி டம்ளர் எடுக்கச் சொன்ன வாய், அவரவர் உயரத்துக்கு அவரவர் கார்மேல். பிரபாவுக்கு மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் வேலை வந்தது, நாற்றம் தாங்காமல் பாதியில் ஓடிவிட்டான். செங்கல்வராயனைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் சோதித்துவிட்டு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்சா அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

சாவியை அம்சாதான் போய்க் கேட்டு வாங்கி வந்தாள், ஷட்டரின் ஒரு பக்கத்தை அவளே பிடித்துத் தூக்கினாள். ஷாரோன் மறுபக்கத்தைத் தூக்கினாள். பெரியவர்களில் ஒருவர் தூரத்தில் நின்று, சரி, தொறந்துக்கோ என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தத் தெருவில் யாருக்கும் வராது. அந்தச் சொல்லில் இரும்பு கிடையாது. கேட் வைகாசிக்கு முன்னாலேயே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது, அதைப் பார்த்து அந்தக் கரையில் அடுத்தடுத்து வேலை வந்தது.

தெரு என்ன செய்தது என்று கேட்பீர்கள். வாயை மாற்றிக்கொள்ளவில்லை, காரை மாற்றிக்கொண்டது. செங்கல்வராயன் வெள்ளையை விற்றுவிட்டுக் கறுப்பு வாங்கினார். ராமானுஜம் கரும்பழுப்பு வாங்கினார். இப்போது கருங்குழியில் வெளிர் நிறத்தில் கார் கேட்கிறவர்கள் இல்லை. முத்து இருக்கிறது, தெரியவில்லை, அவ்வளவுதான். காலையில் பல் விளக்கிய கையோடு அவரவர் காரில் சாய்ந்து அவரவர் பேச வேண்டியதைப் பேசுகிறார்கள்.

ஷாரோன் மட்டும் கேட் ஏற்றிப் போக ஒரு குட்டி யானை வண்டி வாங்கினாள், பால் வெள்ளை. பட்டறை வாசலில் நிறுத்துகிறாள். தெருவில் வேறு வெள்ளை இல்லாததால் ஊரின் அம்மை மொத்தமும் அதன்மேல்தான் தெரிகிறது. சனிக்கிழமை காலையில் அதை நிழலில் நிறுத்தி மருந்தைப் பீய்ச்சுகிறாள். ஊதா வழிந்து சாக்கடையில் கலந்து எல்லார் வாசலையும் கடந்து போகிறது. ஒரு முறை ராமானுஜம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "இன்னாம்மா இது, இந்த நாத்தம் நாறுது," என்று கேட்டார்.

"உங்க வூட்டுதுதான். நான் கழுவிக்கினு கீறேன்," என்றாள் ஷாரோன்.

அவர் திரும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். அதிலிருந்து தெரு முழுக்கச் சனிக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நாஸ்தா சாப்பிடுகிறார்கள்.