இருபது நிமிடக் காந்தம்

திருமயத்துக்குத் தெற்கே, தங்கமுத்துவின் காய்ந்த தென்னந்தோப்பில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்து நின்றது. ஒற்றைப் பனையடியில் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தது. அங்கேதான் துளை போடப்போகிறார்கள். அந்தக் குறி தப்பாக இருக்கலாம் என்பது கூலி வேலைக்கு வந்த அமுதவல்லிக்கு மட்டும்தான் தெரியும், கண்ணுகளா.

முந்தின நாள் நடந்தது இது. நிலத்தடி நீர் பார்க்கிற சிவரஞ்சனி இரண்டு காந்தமானிகளோடு வந்திருந்தாள். பூமியின் காந்தம் நாள் முழுக்க ஏறி இறங்குமாம். ஒரு கருவி ஓரிடத்தில் நின்று அதைப் பதியும். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு அவள் தோப்புக்குள் நடப்பாள். அவள் கருவியின் எண்ணிலிருந்து நிற்கிற கருவியின் எண்ணைக் கழித்தால், அடியில் தண்ணீரைத் தேக்கி நிற்கும் காந்தமுள்ள கரும்பாறை எங்கே என்று தெரிந்துவிடும். நிற்கிற கருவிக்குக் காவல் அமுதவல்லி. இரும்பு எதுவும் கிட்டே வரக்கூடாது, வந்தால் கணக்குக் கெடும் என்று சொல்லித்தான் சிவரஞ்சனி அவளை நிறுத்தினாள்.

வந்தவர் தோப்புக்காரர் தங்கமுத்துவேதான், அவளுக்கு ஊர் முறையில் சித்தப்பா. வெயிலில் நிற்கிறாளே என்று இட்லி கொண்டுவந்தவர், மொபெட்டைக் கருவிக்குப் பத்தடியில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த மனிதரைத் தள்ளிப்போ என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் சிவரஞ்சனி கேட்டபோதும், யாரும் வரவில்லை என்றுவிட்டாள். அந்த இருபது நிமிடமும் சிவரஞ்சனி நடந்துகொண்டிருந்தது பனையடியில்.

ஏற்கெனவே போட்ட இரண்டு போரில் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகைதான் வந்தது. இதுவும் போனால் மரங்களை வெட்டிவிடுவேன் என்று தங்கமுத்து சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் இனி யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

எஞ்சின் உறுமியது. அமுதவல்லி ஓடிப்போய்ச் சுண்ணாம்புக் குறியின்மேல் நின்றாள்.

“என்னம்மா, குழாயோட சேத்து உன்னையும் எறக்கவா?” என்றார் வண்டிக்காரர் சார்லஸ்.

அவள் சிவரஞ்சனியைப் பார்த்தாள். “நேத்து பொய் சொல்லிட்டேங்க. பதினொண்ணு இருபதுக்கு மொபெட்டு ஒண்ணு வந்து கிட்டக்க நின்னுச்சு.”

யாருடையது என்று சிவரஞ்சனி கேட்டாள்.

“என்னோடதும்மா,” என்றார் தங்கமுத்து. பிறகு அமுதவல்லி பக்கம் திரும்பி, “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள?”

“எப்படிச் சொல்றது சித்தப்பா?”

சிவரஞ்சனி லேப்டாப்பைத் திறந்தாள். பதினொன்று இருபதில் கோடு எகிறி, பதினொன்று நாற்பதில் இறங்கியிருந்தது. சூரியனால் பூமியின் காந்தத்தில் வந்த கலக்கம் என்று நினைத்துவிட்டதாக மெதுவாகச் சொன்னாள். மறுபடி அளக்க வேண்டும். அதற்கு இரும்பாலான போர் வண்டி ரோட்டுக்கு அப்பால் போகவேண்டும். திருவரங்குளத்தில் வேறு வேலை இருக்கிறது, ஒரு மணி நேரம்தான் காத்திருப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டே சார்லஸ் வண்டியை நகர்த்தினார்.

இந்த முறை அமுதவல்லி காக்கையைக்கூட அண்டவிடவில்லை. சிவரஞ்சனி பனையைத் தாண்டி நடந்தாள், திரும்பி நடந்தாள். எண் அசையவே இல்லை. கணக்கைக் கழித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அடியில் கரும்பாறை இல்லை; நேற்றுத் தெரிந்தது மொபெட்டின் கோளாறு.

தங்கமுத்து அப்படியே குந்திவிட்டார். பிறகு எழுந்துபோய் சார்லஸை அனுப்பிவைத்தார். மேற்கு வேலியோரம் இன்னும் அளக்கவில்லை என்றாள் சிவரஞ்சனி.

“நாளைக்கு அங்கிட்டு அளங்க,” என்றார் அவர். “காவலுக்கு அமுதவல்லியே நிக்கட்டும். ஏ புள்ள, மொத ஆளா என்னையத்தான் வெரட்டணும், தெரியுதா?”