பழக்குலை தொங்கிய வளையம்

மட்டாஞ்சேரியிலிருந்து கும்பளங்கிக்கு ரயில் ஓடியது என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பாதையைப் போட்டதே காயலுக்குள். நீர் இறங்கினால் தண்டவாளம் தெரியும், ஏறினால் முங்கிவிடும். வண்டி அதற்காகவெல்லாம் நிற்காது. ஒரு ஜன்னலில் நுழைந்த மீன் மறு ஜன்னலில் இறங்கிப் போய்விடும். இறங்காத மீனிடம், கடைசிப் பெட்டியில் வரும் கார்டு வந்து டிக்கெட் கேட்பார். இல்லையென்றால் குழம்புதான்.

ஒற்றைப் பாதை என்பதால் ஒரே ஓர் இரும்பு வளையம். அது கையில் இருக்கிற டிரைவர்தான் வண்டியை எடுக்கலாம். எதிரே இன்னொரு வண்டி வந்து மோதாமல் இருக்க அந்த ஏற்பாடு. இன்னொரு வண்டியே கிடையாது என்பது வேறு விஷயம். சட்டம் சட்டம்தான்.

கடைசி டிரைவர் சாயா குடிக்க இறங்கியவர் வளையத்தை ஓர் ஆணியில் மாட்டினார். குடித்து முடிப்பதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். வளையம் இல்லாமல் எஞ்சினை நகர்த்தக் கூடாதே, அதனால் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். டிரைவர் பஸ்ஸில் போனார்.

பிறகு மட்டாஞ்சேரி முனையில் தண்டவாளத்தின் மேல் கிடந்த ஒரு பழைய மரக்கூண்டைக் கழுவி யூசுப் சாயாக்கடை வைத்தான். அடியில் மண் அணைத்துச் செம்பருத்தி நட்டான். உள்ளே ஆணியில் வளையம் அப்படியே இருந்தது. யூசுப் மவுத்தான பிறகு கடை அவன் மனைவி ஜுமைலாவுக்கு வந்தது. அவளுக்கு அதைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. வளையத்தில் பழக்குலை கட்டித் தொங்கவிட்டாள். வெளியே பெஞ்சில் நான். கால் வைத்துக்கொள்ள ஓர் உருண்டைக் கல்லும் உண்டு.

போன மழைக்காலத்தில் ரயில்வே அதிகாரி நீலகண்டன் சார் வந்தார். பாதையைத் திரும்பத் திறக்கிறார்களாம். எஞ்சின் வரும் அன்று கடையைப் பிரிக்க வேண்டுமாம்.

“பிரிச்சா நான் எங்க போறது சாரே?”

அவர் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறிப்போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

எஞ்சின் வந்த காலையில் காயல் கழுத்துவரை ஏறி நின்றது. ஊரே திரண்டது. எஞ்சின் கடைக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் நிற்க, டிரைவர் மாரிச்செல்வம் இறங்கி வந்தான். கோவில்பட்டிக்காரன்.

“அக்கா, அந்த வளையத்தக் குடுங்க. அது இல்லாம எடுக்கக் கூடாதுங்காங்க.”

“பழம் தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா?”

“பழத்தக் கழட்டிட்டுக் குடுங்க.”

“வித்துத் தீரட்டும், தர்றேன்.”

“அப்ப மொத்தக் குலையும் நானே வாங்கிக்கிடுதேன்.”

“உங்களுக்கு விக்கிறதில்ல.”

“எனக்கோ?” என்றார் நீலகண்டன் சார்.

“சாருக்குச் சக்கரை வியாதி. பாலும் சக்கரையும் இல்லாத கட்டன் சாயா மட்டும்தான்.”

மாரிச்செல்வம் என்னைப் பார்த்தான். “பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க.”

“எனக்குப் பழம் ஒத்துக்காது தம்பி” என்றேன்.

அவன் திரும்பிப் போய் எஞ்சினில் ஏறி, ஹாரனை ஒரு தடவை அழுத்தினான்.

அந்தச் சத்தம் காயல் மேல் போனது. போன வழியெல்லாம் தண்ணீர் சிலிர்த்தது. அப்புறம், எங்கள் காலடியிலிருந்து கும்பளங்கி வரைக்கும், முங்கிக் கிடந்த தண்டவாளம் பாசியை உதறிக்கொண்டு மேலே எழும்பியது. ஈரத்தில் வெயில் பட்டு இரண்டு வெள்ளிக் கோடுகள். சீனவலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. செம்மீன்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. வெற்றிலை போட்டவர்கள் துப்ப மறந்து விழுங்கினார்கள்.

ஜுமைலா வெளியே வந்து நின்றாள்.

“இதுக்குள்ளயா இது கிடந்துச்சு, சாச்சா?”

“ஆமாம்மா.”

“இதையா நான் ஆணில மாட்டி வச்சிருந்தேன்?”

குலையை அவிழ்த்து என் மடியில் போட்டாள். வளையத்தைத் தலைத்துணியால் துடைத்து எஞ்சினுக்கு முன்னால் போய் நீட்டினாள். “எடுத்துக்குங்க. அடுப்ப அணைச்சுட்டு வர்றேன். அப்புறம் கடையப் பிரிங்க.”

அவள் உள்ளே ஏறினாள். வளையம் கைக்கு வந்ததும் எஞ்சின் கடை ஓரமாக நின்றுகொள்ள மெதுவாக முன்னால் வந்தது. மூக்கு கடையைத் தொட்டது. ‘டக்’கென்று ஒரு சத்தம். அவள் கரித்துணி காயப்போடும் கொக்கி எஞ்சினைப் பிடித்துக்கொண்டது. என் காலுக்கடியில் அந்த உருண்டைக் கல் சுழன்றது. செம்பருத்தி வேரோடு சாய்ந்தது. என் ஒரு செருப்பும் போனது.

“சார், இது கடையில்ல! நம்ம பழைய கார்டு பெட்டி!” என்று கத்தினான் மாரிச்செல்வம்.

நீலகண்டன் சார் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “ரயில்வே பெட்டிய ரயில்வே எப்படிடோ உடைக்கிறது?” என்று சொல்லிவிட்டு ஓடி வந்து தொற்றிக்கொண்டார்.

கடை முன்னே, எஞ்சின் பின்னே. காயலுக்கு நடுவில், அணைக்காத அடுப்போடு, கையில் கரண்டியோடு அவள் போனதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். கும்பளங்கியில் நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “எத்தன சாயா?”

இப்போது காலையில் கடை இங்கே, மத்தியானம் அங்கே. நடுவழியில் சாயா வேண்டுமென்றால் பாதை ஓரம் நின்று கையை நீட்டினால் போதும், டிரைவர் ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி வளையம் வாங்குகிற மாதிரி. வண்டி நிற்காது. தம்ளரைக் கையில் வைத்துவிட்டுப் போவாள், ஒரு சொட்டு சிந்தாமல்.