குச்சி இல்லாத பெட்டி

வீடியோ கேம் கடைக்காரரின் சண்டை விளையாட்டு அணியில் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு மிஞ்சியவர்கள் பஸ் டிரைவரும் அவன் மனைவியும். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். வந்த மற்றவர்களையெல்லாம் அவர்கள் இருவருமாகத்தான் மண்ணைக் கவ்வ வைத்திருந்தார்கள்.

திரையில் ஆளை ஆட்டிவைக்க டிரைவரிடம் இருந்தது கியர் மாதிரி குச்சி வைத்த கனத்த ஸ்டிக். மனைவி வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் பெட்டியில் குச்சியே கிடையாது. முன்னே போக, பின்னே வர, குதிக்க, குனிய எல்லாவற்றுக்கும் பட்டன்தான். அவளே துளை போட்டு, ஒயர் இழுத்துச் செய்தது. ஆறு மாதம் ஸ்டிக்கோடு மல்லுக்கட்டியதில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பத்து விரலும் சொன்ன பேச்சுக் கேட்கும்போது மணிக்கட்டை எதற்கு வதைக்க வேண்டும்?

"என்னம்மா இது, கால்குலேட்டரா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே. அவர் எத்தன அடி வாங்கினாருன்னு கணக்கு சொல்லும்."

மூன்று ரவுண்டில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ரவுண்டு அவளுக்கு. இரண்டாவதில் இன்னும் ஒரு குத்து விட்டால் முடிந்தது கதை. அப்போது பார்த்து அவள் சுண்டுவிரல் ஆட்டத்தை நிறுத்தும் பட்டனில் பட்டது. திரை அப்படியே நின்றது. பாதியில் நிறுத்தியவருக்கு அந்த ரவுண்டு போச்சு, அதுதான் சட்டம். அவன் ஸ்டிக்கில் அந்தப் பட்டனுக்குப் பூட்டு உண்டு. அவள் வைக்க மறந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"விடுங்கண்ணே, இதுவும் அவளுக்கே போகட்டும்," என்றான் கணவன். "எடத்த அவளே வெச்சுக்கட்டும். பாவம், வீட்ல செஞ்ச பெட்டி."

அந்தப் 'பாவம்'தான் அவளுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடச் சிரித்திருப்பாள்.

"ரவுண்டு உங்களோடது. உங்க தயவுல வர்ற எடம் எனக்கு வேண்டாம்."

பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகையைக் கழற்றி, அந்தப் பட்டனின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"இப்ப வாங்க. விட்டுக்குடுத்தீங்க, வீட்ல இருக்கு உங்களுக்கு!"

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. திரையில் அவள் ஆளை மூலையில் தள்ளிச் சாத்து சாத்தென்று சாத்தினான். அவள் உயிர் நூலளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கடைசி உதைக்கு அவன் குச்சியைத் திருப்புவதற்குள் அவள் விரல்கள் மூன்று பட்டனைத் தட்டிவிட்டிருந்தன. அவன் ஆள் மல்லாந்து விழுந்தான்.

"சரிம்மா, நீதான்," என்றார் கடைக்காரர். "ஆனா போட்டிக்குள்ள ஸ்டிக் பழகிக்கோ. நம்ம டீம்ல எல்லாரும் அதான்."

"பழக மாட்டேன். நான் வேணும்னா இந்தப் பெட்டியும் வரும். வேண்டாம்னா தோத்தவரக் கூட்டிட்டுப் போங்க."

நீயாவது புத்தி சொல்லப்பா என்பதுபோல் அவர் கணவனைப் பார்த்தார். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன ஏண்ணே பாக்கறீங்க? உசிரக் குடுத்து ஆடித்தான் தோத்தேன்."