லாங் லீப்

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். தலைமையாசிரியர் காந்திமதிநாதன் பிள்ளை அந்த இரண்டையும் விட்டுவிடுவார். சொல்மூலம் பார்க்காமல் மட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் படிப்பெல்லாம் தொண்ணூற்றாறு மே மாதம் லில்லியின் தலையில் வந்து விடிந்தது.

லில்லி நீளம் தாண்டுதலில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். பதினெட்டு முடிந்துவிட்டால் அவள் வளர்ந்த பாளையங்கோட்டை விடுதியில் இடம் கிடையாது. ஜூனில் பெட்டியைத் தூக்கியாக வேண்டும். சீட்டுக் கிடைத்தால் அங்கேயே ஹாஸ்டல். இல்லையென்றால் முக்கூடலில் பீடி சுற்றப் போகலாம் என்று வார்டன் ஏற்பாடு செய்துவைத்திருந்தாள்.

மனு வாங்கிய கிளார்க் தாணுமாலையன், அவள் பள்ளித் தலைமையாசிரியர் கொடுத்த சான்றிதழைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பட்டியலில் இருப்பது லாங் ஜம்ப், சார் எழுதியிருப்பது லாங் லீப். ரெண்டும் ஒண்ணுதானே என்றாள் லில்லி. ஒண்ணுன்னா ஒண்ணுபோல எழுதச் சொல்லு, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்ணார்பேட்டையில் சார் வீடு. அவர் ஒன்றும் தட்டிக்கழிக்கவில்லை. உட்காரவைத்து, மோர் கொடுத்து, நாலு பக்கத்துக்கு விளக்கக் கடிதமே எழுதிக் கொடுத்தார். லீப் பெரிய குடும்பத்துச் சொல், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஏட்டில் இருக்கிறது, அப்போது அதற்கு ஓடுவது என்றும் பொருள் உண்டு, ஜெர்மனியில் இருக்கும் அதன் பங்காளிகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று விவரமாக இருந்தது. மறுநாள் காலையில் தாணுமாலையன் நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, அப்ப நீ ஓட்டமா என்று கேட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

லில்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி பஸ், மறுபடி வண்ணார்பேட்டை. அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். சார் ஜம்ப்பின் யோக்கியதையை வரிசையாக எடுத்துவைத்தார். ஜாமீனில் வந்தவன் கம்பி நீட்டினால் ஜம்ப். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தன் நடுவே புகுந்தால் அதுவும் ஜம்ப். சர்க்கரை விலை ஏறினாலும் ஜம்ப்தான். அதெல்லாம்கூடப் போகட்டும் என்று தடித்த அகராதியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"பாரும்மா, பிறப்புத் தெரியலைன்னு அகராதிக்காரனே கைவிரிச்சிட்டான். ஏதோ நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால திடீர்னு வந்து நிக்கு. அப்பன் யாரு, ஆத்தா யாரு, ஒண்ணும் தெரியாது. அதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

லில்லி அகராதியைப் பார்த்தாள். மணி ரெண்டு ஆகியிருந்தது. அவளுக்கு நல்ல கோபம் வந்துவிட்டது. ஆனாலும் குரல் ஏறவில்லை.

"எனக்குப் போட்டியளே சார்."

சாருக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆறாங் கிளாஸ்ல சேரும்போது அப்பா பேரு, அம்மா பேரு ரெண்டு கட்டத்துலயும் வெறும் கோடுதான் இருந்துச்சி. அதுக்குக் கீழ நீங்கதான் கையெழுத்துப் போட்டிய."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். உள்ளேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அகராதியை மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, புதுச் சான்றிதழ்த் தாள் ஒன்றை எடுத்து லாங் ஜம்ப் என்று எழுதினார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றது. அவளைச் சேர்த்துக்கொண்ட ஏழு வருஷத்தில் கேட்டிராத ஒன்றை, நிமிராமலே கேட்டார்.

"எவ்வளவு தூரம்மா தாண்டுன?"

"அஞ்சு மீட்டர் முப்பது, சார்."

சார் அதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.