பூஜ்யம் புள்ளி ஏழு

ஆஸ்பத்திரியிலிருந்து தன் ஊரான தேஷிக்குத் திரும்பும் ட்ரோட்ரோ வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அஷிதே ஒரே எண்ணை வாய்க்குள் மென்றுகொண்டு வந்தார். இரண்டு புள்ளி ஒன்று.

ஈஸ்டரின்போது அது பூஜ்யம் புள்ளி ஏழு. புராஸ்டேட் புற்றுக்காக அரிசிமணி அளவில் கதிர்வீச்சு விதைகளை அவருக்குள் புதைத்திருந்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எண் இறங்கினால் விதை வேலை செய்கிறதென்று அர்த்தம். இறங்கியதும் மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். புது வெள்ளைச் சட்டையோடு சபை நடுவே போய் நின்று நன்றிச் சாட்சி சொன்னார். "எவ்வளவு?" என்று பாஸ்டர் கேட்க, "புள்ளி ஏழு!" என்று சபையே கூவியது. கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு பெஞ்சுகளைச் சுற்றி ஆடினார்கள். புராஸ்டேட் உடம்பில் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள்கூட எண்ணை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

இன்று டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "விதை வெச்சவங்களுக்கு நடுவுல ஒருதரம் இப்படித் துள்ளும்ப்பா. நெறைய பேருக்குத் தானா இறங்கிடும்."

"இறங்கலைன்னா?"

"நோய் திரும்புதுன்னு அர்த்தம்."

"எனக்கு எது?"

"இப்ப யாராலயும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

தெருமுனைக் கடையில் கோர்கோய், புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கடையைத் தாண்டாமல் அந்தத் தெருவில் காய்ச்சல்கூட நுழைய முடியாது.

"என்ன அஷிதே, நம்ம நம்பர் எவ்வளவு?"

நம்ம நம்பராம்! "புள்ளி அஞ்சு" என்றார்.

"அடி சக்கை! அடுத்து எப்போ?"

"மூணு மாசம் கழிச்சு." பொய்யே சொல்லிப் பழகாத மனுஷர், ஒன்றைச் சொன்ன களைப்பில் அடுத்ததை உண்மையாகவே சொல்லிவிட்டார்.

மீனும் மிளகாய்க் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாட்சி சொல்ல வேண்டுமென்று பாஸ்டர் போன் செய்தாயிற்று. மனைவி ஆமெர்லே தையல்காரி. அதற்கொரு புதுச் சட்டைக்கு வெள்ளைத் துணியை வெட்டிக்கூட வைத்திருந்தாள்.

"கையத் தூக்குங்க, லார்ட்டே அப்பா." மகன் பெயரோடு சேர்த்துத்தான் அவரை அவள் கூப்பிடுவாள்.

தூக்கினார். இடுப்பில் அளவு நாடா தளர்ந்தது போலிருந்தது. இளைத்துவிட்டோமா? வயிற்றுக்குக் கீழே அந்த விதைகள் விழித்திருக்கின்றனவா, அணைந்துவிட்டனவா? போன மாதம் செத்துப்போன மூன்றாம் வீட்டுக் கிழவரைப் படுக்க வைத்தபோது அவருக்குப் போட்டிருந்ததும் இதே மாதிரி வெள்ளைதான்.

வெட்டிய துணியை அவர்மேல் பொருத்திக்கொண்டே, ஆமெர்லே பல்லிடுக்கில் குண்டூசியோடு கேட்டாள்: "ஈஸ்டர்ல ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்கல்ல?"

"ம்."

"நம்பர் நல்லா இறங்குச்சுன்னா நாளைத் தள்ளித்தானே போடுவாங்க? இப்ப எதுக்கு மூணு?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்து, அக்குளிலிருந்து இடுப்புவரை நீள நீளமாய், இழுத்தால் பிரிந்துவிடும் ஓடுதையல் போட ஆரம்பித்தாள்.

"மிஷின்ல அடிக்கலையா?"

"இப்போதைக்கு இது போதும். மூணு மாசம் கழிச்சு மிஷின்ல அடிச்சுக்கலாம்." ஊசியை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல். கோர்கோய்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

வெளியே யாரோ யாரிடமோ "புள்ளி அஞ்சு" என்று சிரிப்பது கேட்டது. தையல் இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் முடிச்சுப் போடவில்லை, நூலை அறுக்கவுமில்லை. விரலில் சுற்றிப் பிடித்தபடியே நின்றாள். அவரும் தூக்கிய கையை இறக்கவில்லை.